கூட்டிப் போக வந்தவர்

சிறுமியர் சீர்திருத்த இல்லத்தின் அலுவலகத்தில் துணிப்பையோடு காத்திருந்த மகள், அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு தங்கமா மாறிட்டா. வலிப்புகூட நின்னுடுச்சு. கூட்டிட்டுப் போங்க" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

"இங்க குடுக்கிற மாத்திரையை வெளியிலயும் தருவீங்களாம்மா?"

"அது எப்படி? உள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

அப்பா மகளின் கையை உதறினார்.

"இவ எனக்கு வேண்டாம். போன தடவை பார்க்க வந்தப்ப, வெளியில வந்ததும் என்னைக் கொன்னுடுவேன்னு மிரட்டினா."

"ஐயோ, நான் எப்பப்பா அப்படிச் சொன்னேன்?"

அலறிய மகளை உள்ளே இழுத்துப் போனார்கள். "நீ எனக்கு அப்பனே இல்ல!" என்ற குரல் அப்பா வெளியேறி வந்த வாசல்வரை கேட்டது.

"பெத்த பொண்ணையே வேண்டாங்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்று காறித் துப்பினார் காவலாளி.

அப்பா உடைந்துபோனார். "இவளுக்கு மூத்தவளுக்கும் இதே வலிப்புதாங்க. மாத்திரை வாங்க வழியில்லாம என் மடியிலேயே செத்தா. இவ உள்ள இருந்தாவது பிழைச்சுக்கட்டும்னுதான், என்னைக் கொன்னுடுவேன்னு மிரட்டினதா பொய் சொன்னேன்."

"அவசரப்பட்டுட்டீங்களேய்யா!" என்று பதறினார் காவலாளி. " கொலை மிரட்டல்னா வேற இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. அங்க டாக்டரே கிடையாது."

அப்பா திரும்பி ஓடினார். "நான் சொன்னதெல்லாம் பொய்ம்மா!"

"பெத்த பாசத்துல இப்பதான் பொய் சொல்றீங்க" என்றபடி மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார் கண்காணிப்பாளர்.