அருளாயியின் தாலாட்டு

பழைய கடிதங்களிலிருந்து இறந்தவர்களைப் பேசவைக்கும் கொடைக்கானல் ஆவணக்காப்பகத்தில் மிஷனரிக் குடும்பங்கள் ஓயாமல் பேசின. அவர்களில் ஒரு வீட்டில் ஆயாவாக இருந்த அருளாயிக்கு மட்டும் குரல் இல்லை. அவள் கடிதம் எழுதியதே இல்லை. அவளுடைய மகள் வழியில் வந்த ஜெயக்கொடி, அருளாயி வளர்த்த வெள்ளைக்காரச் சிறுமி ஆலிஸை, அவள் சின்ன வயதில் எழுதிய கடிதங்களிலிருந்து அழைத்தாள்.

“பாப்பா, ஆயா என்ன பாடித் தூங்கவைப்பாங்க?”

ஆலிஸ் மழலைத் தமிழில் பாடினாள்:

“மலையெல்லாம் பனிமூடித் தூங்குதடி கண்ணே, மலையடியில் என் மகளும்…”

குரல் நின்றது. ஜெயக்கொடியின் வீட்டில் யாரும் கேட்டறியாத பாட்டு அது.

“மகளும்? அப்புறம்?”

“தெரியாது. அதுக்குள்ள நான் தூங்கிருவேன்.”

ஜெயக்கொடி குரல் வந்த பக்கம் குனிந்தாள்.

“இன்னைக்கு ஒருநாள் மட்டும் தூங்காமக் கேட்டுச் சொல்றியா, கண்ணு?”