வெறுங்கால் மௌனம்

வெயில் ஏறும் தார்ச்சாலையில், புத்தர் கோயிலை நோக்கி வெறுங்காலில் நடக்கிறார் ஓய்வுபெற்ற மேலாளர். எறும்புச் சாரை குறுக்கிட்டால் நின்று வழிவிடுகிறார், அத்தனை கருணை. கோயில் சேரும்வரை மௌனம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வாயை மூடியிருக்கிறார். பக்கத்தில் கைபேசியும் கையுமாக ஓட்டமும் நடையுமாய் மனைவி. "ஆஸ்பத்திரியில உங்கப்பாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. உங்க குரலக் கேக்கணுமாம். ஒரே ஒரு தடவ அப்பான்னு சொல்லுங்க." அவர் உதட்டில் விரல் வைத்துப் புன்னகைக்கிறார். "எறும்புக்கு மட்டும் நிக்கத் தெரியுது." அவள் குனிந்து, அவர் காலடியில் கைபேசியைப் பிடித்தபடியே நடக்கிறாள். "மாமா, உங்க பிள்ள நடக்கிற சத்தமாவது கேக்குதா?" "ஒண்ணும் கேக்கலையேம்மா," என்கிறது கைபேசி. பூவின்மேல் வைப்பதுபோல் அடுத்த அடியை வைக்கிறார் ஞானி.