பதினேழாம் எண் சட்டை

அறுபது வருடமாகக் கோப்பையைத் தொடாத ஓர் அமெரிக்க பேஸ்பால் அணிக்கு அழுக்குத் துணி துவைக்கிறான் சுடலைமுத்து. துணி என்று சொல்லக் கூசி, "டீமுக்கு ஆடை வேலை" என்று போனிடம் சொன்னான். போன் "டீமுக்கு ஆட வேலை" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஊரில் அவன் ஆட்டக்காரன் ஆகிவிட்டான்.

"நாளைக்கு தெருவே டிவி முன்னாடிதாம்லே. நீ எந்த நம்பரு?" என்று போனில் கேட்டார் அப்பா. மடித்துக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்து, "பதினேழுப்பா" என்றான்.

மறுநாள் கடைசிப் பந்து பதினேழின் கையுறையில் பட்டு நழுவியது. அணி தோற்றது. மண் அப்பிய அந்தச் சட்டை சுடலைமுத்துவின் கூடையில் வந்து விழுந்தபோது அப்பா அழைத்தார்.

"தொப்பியில மொகம் தெரியல. நீ தலகுனிஞ்சு நின்னது மட்டும் தெரிஞ்சுதுலே. விடு, பந்துதான. இங்க எவனும் சிரிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

"அடுத்த ஆட்டத்துல பிடிச்சிருதேம்ப்பா" என்றான், சட்டையிலிருந்த மண்ணை நகத்தால் சுரண்டியபடி.