முப்பதாவது ஆள்

"ராத்திரில பொட்டுத் தூக்கம் இல்லம்மா" என்றார் என் வீட்டுக்காரர் சவுரிமுத்து.

பச்சைப் பொய். நேற்று அவர் விட்ட குறட்டையில் தூங்காமல் கிடந்தது நான்.

எதிரே உட்கார்ந்திருந்த ஓவியா குறித்துக்கொண்டாள். ஆராய்ச்சி மாணவி. எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வு, மூளையில் எந்த ஸ்கேனில் நன்றாகத் தெரிகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாள். ஒரே ஆளுக்கு மூன்று சோதனை. தலையில் ஒயர் தொப்பி மாட்டி ஒன்று, டமடமவென்று இடிக்கும் குழாய்க்குள் படுக்கவைத்து ஒன்று, ஊசி போட்டு எடுப்பது ஒன்று.

முதல் இரண்டும் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊசி ஸ்கேனுக்கு இன்றுதான் நேரம் கிடைத்தது. வெறும் வயிற்றோடு முடிச்சூரிலிருந்து குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம்.

ஒவ்வொரு முறையும் முதலில் இந்தக் கேள்விகள்தான். மனசு இன்னும் சரியாகவில்லை என்று பதிலில் தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

"சாப்பாடு எப்டிண்ணா?"

"சோறே எறங்க மாட்டுதும்மா. தொண்டையிலயே நின்னுடுது."

அடப்பாவி மனுஷா! முந்தாநாள் வஞ்சிரக் குழம்பில் புளி போதவில்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றது யார்?

நாலு வருஷமாக எதைப் போட்டாலும் வாய் திறக்காதவர். அந்தச் சண்டை முடிந்ததும் அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். ஐந்து மாத்திரை மாற்றிப் பார்த்து, யாரும் நம்பாத ஆறாவது மாத்திரை மூன்று வாரமாகக் கேட்கிறது. அதை ஓவியாவிடம் சொல்லத்தான் துடித்துக்கொண்டு வந்தேன்.

வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

"இனிமே வரப்போற நாளைப் பத்தி இன்னா தோணுது?"

"ஒரே இருட்டா கீதும்மா. ஸ்கூல் வேன் ஓட்டுனது நான்தானான்னே சந்தேகமா கீது."

ஒருவேளை இதுதான் நிஜமோ? வீட்டில் எனக்காக நடிக்கிறாரோ? இன்னொரு நாலு வருஷம் என்னால் முடியாது, மாதாவே.

ஓவியா ஏதோ காகிதம் எடுக்க எழுந்து போனாள். அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"நெஜமாவா சொல்றீங்க?"

"கத்தாதடி. லிஃப்டாண்ட அந்தப் பொண்ணு போன்ல பேசிகினு இருந்துச்சு. இருவத்தொம்போது பேரு முடிஞ்சிட்டாங்களாம். நான்தான் கடைசியாம். நம்மளால அது படிப்பு நிக்கணுமா?"

சிரிப்பதா, ரெண்டு போடுவதா என்று தெரியவில்லை. பல் தேய்க்கவே நான் கெஞ்ச வேண்டியிருந்த மனுஷனுக்கு ஊரான் வீட்டுப் பெண்ணின் படிப்புக் கவலை!

ஓவியா திரும்பி வந்தாள். உட்காரவில்லை. ஃபைலை மூடினாள்.

"போய் இட்லி சாப்டுங்கண்ணா. ஸ்கேன் வேணாம்."

"ஏம்மா? நான் சோகமாத்தான கீறேன்!"

"போன ரெண்டு தடவையும் இருபது கேள்விக்கும் 'தெரில'ன்னு மட்டும்தாண்ணா சொன்னீங்க. இன்னைக்கு..."

மேலே சொல்ல முடியாமல் சிரித்துவிட்டாள். ரெண்டு வருஷ உழைப்பில் ஓர் ஆள் குறைகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்ட மனுஷன் தலையைச் சொறிந்தார். பிறகு, "எங்க பின்தெரு மாடில பென்னின்னு ஒரு பையன் கீறாம்மா. அவன இட்டுகினு வரட்டா? உன் ஸ்கேனுக்கு ஆவானோ இல்லியோ, டாக்டராண்டயாவது காட்டலாம்" என்றார்.

பென்னியா? அவன் வேலைக்காக நாவலூரில் தங்கிவிட்டான் என்றுதான் தெருவே சொல்கிறது என்றேன்.

"இல்லடி. உள்ளதான் கீறான். நான் படுத்துகினு கெடந்த எடத்துலேர்ந்து அவன் ஜன்னல்தான் தெரியும். ஏழு மாசமா தெறக்கல. சாயங்காலம் ஒரு லைட் மட்டும் எரியும்."

அத்தனை நாளும் அவர் எதையும் பார்க்காமல்தான் கிடந்தார் என்று நான் நினைத்திருந்தேன்.