ஆயிரத்து நூறு கிலோமீட்டர்

ஊழியர் ஒருவர் காகிதத்தை நீட்டினார். மனைவியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் வாங்கவில்லை.

“அவன் போய்ச் சேரட்டும்பா, அப்புறம் போடறேன்.”

பஸ் டிப்போவில் முப்பது வருடம் நேரக் காப்பாளராக இருந்தவர். வண்டி வந்து சேராமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

“இன்னொரு தடவை கணக்குப் போட்டுச் சொல்லுங்க” என்றாள் மனைவி.

“ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ஆயிரத்து நூறு கிலோமீட்டர். பத்து மணிக்குக் கிளம்பின பிளைட் பதினொன்னே முக்காலுக்கு இறங்கிடும். அங்கேர்ந்து கார்ல இருபது நிமிஷம். பன்னெண்டு அஞ்சு.”

“அவன் என்னிக்கு நேரத்துக்குப் போயிருக்கான்? பொறந்ததே பத்து நாள் லேட்டு. அங்க மழை வேற பெய்யுதாம். பிளைட் மேலேயே சுத்திக்கிட்டு இருந்தா?”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்” என்றார். அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“ரொம்பக் குளிருமேங்க. அவனுக்குக் குளிர் ஆகாதே.”

அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாகப் பன்னிரண்டுக்குப் போன் அடித்தது. மனைவிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

“டாக்டர் பேசறேங்க. ஐஸ் பெட்டி ஆபரேஷன் தியேட்டருக்கு வந்துடுச்சு. உங்க பையனோட இதயம் நல்லா இருக்கு. இங்க இருக்கற பொண்ணுக்கு இப்பவே பொருத்திடுவோம்.”

மனைவி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் ஊழியரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“இப்பக் குடுப்பா.”

மகனின் உடலைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். பிறகு பழக்கதோஷத்தில், பக்கத்திலேயே எழுதினார்: ‘ஐந்து நிமிடம் முன்னதாக.’