கதவுக்கு வெளியே சித்தப்பா

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம்!"

முதலாளியம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து எத்தனை பேர் வந்து இந்த 'ஒரே ஒரு நிமிஷம்' கேட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அது அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. மேஜை மேல் பாதி வெட்டிய அட்டை கிடந்தது. கண்ணாடி விளக்கு விற்கும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு, கீழே விழுந்தாலும் விளக்கு உடையாத பெட்டி ஒன்றை அவள் செய்து காட்ட வேண்டும். வியாழக்கிழமை கெடு. அந்த ஆர்டர் கிடைத்தால் கம்பெனி தலைநிமிரும். கிடைக்காவிட்டால் ஒரு ஷிப்டை மூடிப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். பெட்டி செய்ய அவளுக்கு நன்றாகவே தெரியும். செய்ய விட்டால்தானே?

"சொல்லித் தொலை" என்றாள்.

"பசை காயவே மாட்டேங்குதுக்கா!" என்றான் சூப்பர்வைசர். துரும்புக்கும் தூணுக்கும் ஒரே மாதிரி குதிப்பான் என்பதால் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"ஃபேனைப் போடுடா!"

அவன் போனதும் வேன் டிரைவர் வந்தான். அவனை அனுப்பினால் கணக்கு எழுதும் பெண்ணுக்கு லீவு வேண்டுமாம். திரும்பக் கத்தியை எடுத்தபோது, அட்டையை எந்த இடத்தில் மடிக்க நினைத்தோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. பேருக்குத்தான் முதலாளி. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடுவதுதான் வேலை. அழுகை அழுகையாக வந்தது.

அன்றுதான் வெளியூரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் அவள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். மறுநாள் காலையில் சித்தி கடைத்தெருவில் ஏதோ வேலை என்று கிளம்பிவிட்டாள். சித்தப்பா நல்ல உயரம், அடர்ந்த மீசை, அளந்து பேசுகிற மனிதர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரை முதலாளியம்மா கையோடு கம்பெனிக்கு அழைத்து வந்தாள். தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கதவைக் காட்டிக் கும்பிட்டாள்.

"யாரையும் உள்ளே விட்டுடாதீங்க சித்தப்பா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

சித்தப்பா தலையை ஆட்டினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கத்தியை எடுக்கவில்லை, அதற்குள் வெளியே அவசரத்தின் குரல் கேட்டது.

"சார், அக்காவைப் பார்க்கணும். ஃபேனைப் போட்டும் பசை ஈரமாவே இருக்கு சார். அட்டையெல்லாம் பல்லைக் காட்டுது!"

அவசரம் பேசி ஓய்ந்தான். பிறகு சித்தப்பாவின் கனத்த குரல் வந்தது.

"சரி. நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிறே?"

"நானா? வந்து... புதுசா வந்த அட்டைதான் சார் நமுத்துப் போயிருக்கு. பழைய அட்டையை எடுத்து வேலையை ஓட்டிட்டு, இதை வெயில்ல போட்டா சரியாயிடும். ரொம்ப தேங்க்ஸ் சார்!"

அடுத்து டிரைவர் வந்தான். மருந்துக் கம்பெனியும் செருப்புக் கடையும் ஒரே நேரத்தில் பெட்டி கேட்கிறார்களாம், ஆளுக்கொரு திசையாம். அவன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

"சரி. நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிறே?"

"மருந்துக் கம்பெனி மத்தியானமே கேட்டை மூடிடுவான். செருப்புக் கடை ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும். அப்போ முதல்ல மருந்துதான். அட, இது தோணாமப் போச்சே!"

உள்ளே முதலாளியம்மாவின் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடியது. இப்படி ஒரு மூளையை இத்தனை நாளும் சொந்தத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் மேனேஜர் தேடினோமே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

புதன்கிழமை வாசலில் கூட்டமே குறைந்துவிட்டது. அவசரம் டிரைவரிடம் சொல்வது அவள் காதில் விழுந்தது.

"பெரியவர் முகத்தைப் பார்த்தாலே பதில் வந்துடுதுடா. கண்ணைச் சிமிட்டாமக் கேக்குறாரு. என் வீட்ல கூட நான் பேசுறதை யாரும் இப்படிக் கேட்டதில்லை!"

வியாழக்கிழமை விளக்கு நிறுவனத்து அதிகாரி வந்தார். விளக்குகளை வைத்து மூடிய பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பொத்தென்று போட்டார். அவசரம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அதிகாரி திறந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. நம்பாமல் மேஜை மேல் ஏறி நின்று இன்னொரு தடவை போட்டார். அப்போதும் விளக்குகள் கல்லுப் பிள்ளையாராட்டம் அசையாமல் இருந்தன.

"வருஷம் முழுக்க இனி உங்க பெட்டிதாம்மா" என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பெனியே விசிலடித்தது. முதலாளியம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் தளும்பியது. எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள்.

"இவர் மட்டும் வாசல்ல உட்காரலைன்னா இந்தப் பெட்டியே இல்லை. சித்தப்பா, இன்னையிலேருந்து நீங்கதான் இங்க மேனேஜர்!"

கைதட்டல் ஓய்ந்தது. சித்தப்பா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரிம்மா. நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிறே?"

எல்லாரும் விழித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சித்தி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள்.

"அவர்கிட்ட ஏம்மா தொண்டை வறளக் கத்துறே? ஊர்லேருந்து வர்றப்பவே இவரோட காது மிஷின் கெட்டுப்போச்சு. ரிப்பேர்காரன் இன்னிக்கு நாளைக்குன்னு அலைய விட்டு இப்பத்தான் கொடுத்தான். இது இல்லேன்னா பக்கத்துல இடி விழுந்தாலும் இவருக்குக் கேக்காது. அது வெளியே தெரியக் கூடாதுன்னு, எதிர்ல இருக்கிறவங்க வாய் ஓய்ஞ்சதும் இதே கேள்வியைக் கேட்டுச் சமாளிச்சுடுவார்!"

அவசரம் வாயைப் பிளந்தான்.

"அப்போ... எனக்கு யோசனை சொன்னது யாருக்கா?"

முதலாளியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.

"நீதான்டா, மேனேஜர்!"