தேவையில்லாத அசைவு

பக்கவாதத்தில் கை விழுந்துபோன அப்பா, ரோபோ ஸ்பூனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"மெஷின் கையால திங்கிறதுக்குப் பட்டினியே கிடக்கலாம்."

அந்த ரோபோவை உருவாக்கிய மகள் தமயந்தி விடவில்லை. தான் அவருக்கு ஊட்டும் வீடியோக்களைக் காட்டிக் காட்டியே அதைப் பழக்கினாள்.

இன்று அது ரசஞ்சோற்றை அள்ளியது. நேரே நீட்டாமல், தன் முகத்தருகே கொண்டுபோய்ச் சற்று நிறுத்தியது.

"வாயே இல்லாததுக்கு இது எதுக்கு மேடம்? இந்த அசைவை எடுத்துடலாமா?" என்றான் உடன் வேலை பார்க்கும் ஜெரால்டு.

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஊதி ஊதி ஊட்டுவதை அது அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்" என்று அவள் சொல்வதற்குள், அப்பா ரோபோவை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறிடுச்சாம்மா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு, வாயைத் திறந்தார்.